வோல்பாக்கியா கொசுக்கள்: டெங்குவைத் தடுக்கக் கொசுவையே பறக்கவிடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வோல்பாக்கியா என்பது என்ன? அதற்கும் டெங்குவுக்கும் என்ன சம்பந்தம்?

பூச்சிகளின் உயிரணுக்களுக்குள் குடியிருக்கும் ஒரு பாக்டீரியா. பூச்சியினங்களில் ஏறக்குறைய பாதியில் இது இருக்கிறது. 1924-ல் ஹெர்டிக், வோல்பாக் என்ற இரு ஆய்வாளர்கள் இதை முதலில் பார்த்தது கியூலெக்ஸ் கொசுவில். ராத்திரி காதருகே ரீங்காரமிட்டுத் தூக்கத்தைக் கெடுக்கிறதே, அந்தக் குடும்பம்தான்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசுவிடம் இயற்கையில் இந்தப் பாக்டீரியா கிடையாது. பழ ஈயிலிருந்தோ, ஏடிஸ் அல்போபிக்டஸ் கொசுவிலிருந்தோ எடுத்து, எஜிப்தியின் முட்டைக்குள் மிக நுண்ணிய ஊசியால் செலுத்துகிறார்கள். ஆயிரக்கணக்கான முட்டைகளில் ஒன்றிரண்டு பிழைத்து, பாக்டீரியாவோடு வளர்ந்தாலே போதும். அதன்பின் தாயிடமிருந்து பிள்ளைக்குத் தானாகவே போகும். ஆஸ்திரேலியாவில் ஸ்காட் ஓ'நீல் குழு பல ஆண்டுகள் போராடி இதைச் சாதித்தது. 2011 ஜனவரியில் கெய்ன்ஸ் நகருக்குப் பக்கத்திலுள்ள யார்க்கீஸ் நாப், கார்டன்வேல் ஆகிய இரண்டு இடங்களில் முதன்முதலாக வெளியே விட்டார்கள்.

பாக்டீரியா உள்ளே இருந்தால் இரண்டு காரியம் நடக்கிறது. ஒன்று, டெங்கு வைரஸ் அந்தக் கொசுவின் உடலில் பெருகத் திணறுகிறது. எச்சில் சுரப்பி வரை வந்து சேர்வது அரிதாகிறது. கொழுப்புச் சத்துக்காக வைரஸும் பாக்டீரியாவும் போட்டி போடுவது, கொசுவின் எதிர்ப்புச் சக்தி முன்கூட்டியே விழித்துக்கொள்வது என்று பல காரணங்கள் சேர்ந்தே வேலை செய்கின்றன. இரண்டாவது, முட்டை பொரிப்பதில் ஒரு கோளாறு. முழு உத்தியும் இந்தக் கோளாறின் மேல்தான் நிற்கிறது.

முட்டை பொரிப்பதில் அப்படி என்ன கோளாறு?

பாக்டீரியா உள்ள ஆண், பாக்டீரியா இல்லாத பெண்ணோடு சேர்ந்தால் முட்டைகள் பொரிக்காது. பாக்டீரியா உள்ள பெண் எந்த ஆணோடு சேர்ந்தாலும் முட்டை பொரிக்கும். குஞ்சுகள் எல்லாவற்றிலும் பாக்டீரியா இருக்கும். இவ்வளவுதான் விதி. பாக்டீரியா உள்ள பெண்ணுக்கு எப்போதும் லாபம், இல்லாத பெண்ணுக்குப் பல நேரம் நஷ்டம் என்பதால், ஒரு கட்டத்தைத் தாண்டிவிட்டால் தலைமுறைக்குத் தலைமுறை பாக்டீரியா உள்ள கொசுவின் பங்கு தானே ஏறும்.

"ஒரு கட்டத்தைத் தாண்டிவிட்டால்" என்பதுதான் முக்கியம். பாக்டீரியாவைச் சுமப்பதால் கொசுவுக்குக் கொஞ்சம் சேதாரம் உண்டு: ஆயுள் குறையலாம், முட்டை எண்ணிக்கை குறையலாம். அதனால் நாலைந்து கொசுவைக் கொண்டுபோய் விட்டால் கரைந்து காணாமல் போய்விடும். பழ ஈயிலிருந்து எடுத்த மெல் என்ற பாக்டீரியா வகைக்கு, வட்டாரக் கொசுக்களில் சுமார் கால் பங்கையாவது தாண்ட வேண்டும். ஆயுளைப் பாதியாகக் குறைக்கும் மெல்-பாப் வகைக்கு வாசல் இன்னும் உயரம். வியட்நாமில் திரி நுயென் தீவில் அந்த வகையை விட்டுப் பார்த்தார்கள். விடுவதை நிறுத்தியதும் பங்கு சரிந்து மறைந்துவிட்டது. அந்த வகையை இப்போது யாரும் வெளியே விடுவதில்லை.

சிங்கப்பூரில் ஆண் கொசுவை மட்டும் விடுகிறார்கள், இந்தோனேசியாவில் பெண்ணையும் சேர்த்து விட்டார்கள். எது சரி?

இரண்டும் சரி. ஆனால் இவை இரண்டு வேறு வேறு முறைகள். செய்திகளில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் பாதிச் சந்தேகங்கள் வருகின்றன.

முதலாவது, மாற்றீட்டு முறை. ஆண், பெண் இரண்டையும் விட்டு, வட்டாரத்துக் கொசுக் கூட்டத்தையே வைரஸ் பரப்பாத கூட்டமாக மாற்றுவது. சில மாதங்கள் விட்டால் போதும், பிறகு தானாக நிலைக்கும். கொசுக்கடி குறையாது. கடிக்கும் கொசு டெங்குவைத் தருவது அரிதாகும், அவ்வளவே. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா, ஆஸ்திரேலியா, பிரேசில், கொழும்பின் முன்னோடித் திட்டம் எல்லாம் இந்த வழி. மலேசியாவிலும் அல்போபிக்டஸ் கொசுவிலிருந்து எடுத்த ஆல்ப்-பி என்ற பாக்டீரியா வகையைக் கொண்டு இதையே செய்கிறார்கள்.

இரண்டாவது, அடக்கும் முறை. ஆண்களை மட்டும் விட்டு, ஊரிலுள்ள பெண்களின் முட்டை பொரிக்காமல் செய்து, எண்ணிக்கையைக் குறைப்பது. ஆண் கொசு கடிக்காது, பூந்தேனும் தாவரச் சாறும்தான் அதன் ஆகாரம். ஆனால் வாரா வாரம் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் அக்கம்பக்கத்திலிருந்து கொசு திரும்ப வந்துவிடும். சிங்கப்பூரின் தேசியச் சுற்றுப்புற வாரியம் 2016 முதல் செய்வது இது. சிறிய பரப்பு, அடுக்குமாடிக் குடியிருப்பு, ஏற்கெனவே கொசு எண்ணிக்கை குறைவு, செலவழிக்க அரசிடம் பணம் இருக்கிறது என்ற நான்கும் சேர்ந்த இடத்துக்கு இது பொருந்தும். சென்னை, மதுரை அளவு ஊருக்கு ஆண் கொசுவை வருடக்கணக்கில் வளர்த்துக் கட்டுப்படியாகாது என்பது எங்கள் கணிப்பு.

அடக்கும் முறையில் எதற்குப் பயப்பட வேண்டும் என்றால், தப்பித் தவறி உள்ளே நுழையும் பெண் கொசுவுக்கு. பாக்டீரியா உள்ள பெண் ஒன்று வெளியே போனால் அவளுக்கு எல்லா ஆணும் பொருந்தும். கொஞ்சம் கொஞ்சமாக அது மாற்றீட்டு முறையாக மாறி, நாம் விடும் ஆண்களுக்கு வேலை இல்லாமல் போய்விடும். அதனால் கூட்டுப்புழுப் பருவத்திலேயே பிரிக்கிறார்கள். பெண் கூட்டுப்புழு ஆணைவிடப் பருமன். இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே மெல்லிய சந்து வைத்துத் தண்ணீரை ஊற்றினால் சிறியது கீழே இறங்கும், பெரியது மேலே தங்கும். தீனி கூடக் குறையப் போட்ட தட்டுகளில் பெரிய ஆணும் சிறிய பெண்ணும் வந்து இந்தக் கணக்கைக் கெடுக்கும் என்பதால், ஒரு தட்டுக்கு எத்தனை புழு, எத்தனை தீனி என்பதை அளந்து வைப்பதே கொசு வளர்க்கும் பண்ணையின் பாதி வேலை. இதற்கு மேலும் தப்பும் பெண்ணை மலடாக்க, சிங்கப்பூரில் குறைந்த அளவு எக்ஸ்ரே கதிர் காட்டுகிறார்கள்.

உண்மையிலேயே டெங்கு குறைந்ததா? ஆதாரம் என்ன?

இருப்பதில் வலுவான ஆதாரம் யோக்யகர்த்தா சோதனை. அடி உத்தாரினி தலைமையிலான குழுவின் இந்த ஆய்வு 2021 ஜூனில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்தது. நகரத்தின் 26 சதுர கிலோமீட்டரை 24 பகுதிகளாகப் பிரித்து, குலுக்கல் முறையில் 12 பகுதிகளில் மட்டும் 2017-ல் கொசு விட்டார்கள். அதன்பின் காய்ச்சலோடு ஆரம்ப சுகாதார மையத்துக்கு வந்த 3 முதல் 45 வயது வரையானவர்களைப் பரிசோதித்தார்கள். கொசு விட்ட பகுதியைச் சேர்ந்த 2905 பேரில் 67 பேருக்கு டெங்கு. விடாத பகுதியின் 3401 பேரில் 318 பேருக்கு. அதாவது 2.3 விழுக்காடு, 9.4 விழுக்காடு. பாதுகாப்பு 77 விழுக்காடு என்று கணக்காயிற்று. மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய டெங்கு 86 விழுக்காடு குறைந்தது.

இந்த எண் கொஞ்சம் குறைத்தே காட்டுகிறது என்று நினைக்க இடமிருக்கிறது. கொசு விடாத பகுதிக்காரர் விட்ட பகுதியில் வேலை பார்ப்பார், விட்ட பகுதிக் குழந்தை அந்தப் பக்கம் பள்ளிக்குப் போகும். கொசுவும் தெருவின் எல்லையை மதிப்பதில்லை. சோதனை முடிந்ததும் விடாத பகுதிகளிலும் விட்டுவிட்டார்கள்.

எல்லா ஊரிலும் இதே பலன் கிடைக்கவில்லை. ஆஸ்திரேலியாவின் வட குயின்ஸ்லாந்தில் உள்ளூர்ப் பரவல் 96 விழுக்காடு குறைந்தது. பிரேசிலின் நிதெராய் நகரில் 69 விழுக்காடு. அதே விரிகுடாவின் எதிர்க்கரையிலுள்ள ரியோ டி ஜெனீரோவில் 38 விழுக்காடுதான். ஏனென்றால் அங்கே பிடிபட்ட கொசுக்களில் சராசரியாக மூன்றில் ஒரு பங்கில்தான் பாக்டீரியா இருந்தது. எத்தனை கொசு விட்டோம் என்பதைவிட, ஓராண்டு கழித்துப் பிடிக்கும் கொசுவில் எத்தனை பங்குக்குப் பாக்டீரியா இருக்கிறது என்பதைக் கேளுங்கள். அதைச் சொல்லாத அறிவிப்பை நம்ப வேண்டியதில்லை.

எங்கெங்கே சறுக்கியது, ஏன்?

மூன்று காரணங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன.

பூச்சிக்கொல்லி. ரியோவின் துபியாகாங்கா பகுதியில் முதலில் விட்ட கொசுக்கள் நிலைக்கவில்லை. ஊர்க் கொசுவுக்கு வீடுகளில் அடிக்கும் பைரித்ராய்டு மருந்து பழகிப்போயிருந்தது. பண்ணைக் கொசுவுக்குப் பழகவில்லை. ஜனங்கள் மருந்து அடித்ததும் புதிதாக விட்டது மட்டும் செத்தது. ஊர்க் கொசுவோடு திரும்பத் திரும்பக் கலப்பு செய்து, மருந்தைத் தாங்கும் தன்மையை ஏற்றிய பிறகே நிலைத்தது. எந்த ஊரில் விடப்போகிறோமோ அந்த ஊர்க் கொசுவின் மரபுக்கூறு வேண்டும் என்பது அங்கே கற்ற பாடம்.

வெப்பம். நம் நாட்டுக்கு இதுதான் பெரிய கேள்வி. மெல் வகைப் பாக்டீரியாவுக்குச் சூடு ஆகாது. புழுக்கள் வளரும் தண்ணீர் தினமும் 26 டிகிரிக்கும் 37 டிகிரிக்கும் இடையே ஏறி இறங்கினால், பாக்டீரியாவின் அளவு சரிந்து, தாயிடமிருந்து பிள்ளைக்குப் போவதும் தடைபடுகிறது என்று 2017-ல் வந்த ஆய்வு காட்டியது. கெய்ன்ஸில் 2018 நவம்பரில் வெயில் 42 டிகிரியைத் தாண்டியபோது பாக்டீரியா குறைந்து, பின்பு மீண்டது. ஆல்ப்-பி வகை சூட்டை நன்றாகத் தாங்கும். மலேசியா அதைத் தேர்ந்ததற்கு அதுவே காரணம். ஆனால் அதற்கு வேறொரு குறை: காய்ந்து கிடக்கும் முட்டை வாரக்கணக்கில் இருந்தால் பொரிக்கும் பங்கு வேகமாகக் குறையும், பொரித்து வரும் பெண்களில் பலவும் மலடாகும். நீண்ட கோடையும் அதன் பிறகு மழையும் வரும் ஊரில், ஏடிஸ் முட்டை காய்ந்து கிடந்து மழைக்குக் காத்திருப்பதுதான் வழக்கம். ஒரு வகைக்கு மே மாத மொட்டைமாடி எதிரி, இன்னொரு வகைக்கு அந்த மே மாதம் முழுக்கக் காய்ந்து கிடப்பது எதிரி.

மூன்றாவது, இடையில் சில இடங்களைத் தவறவிட்டுக் கொசு விடுவது. ஏடிஸ் பொதுவாகச் சில நூறு மீட்டருக்கு மேல் போகாது. அகலமான நெடுஞ்சாலை, பெரிய காலிமனை, மதில் கட்டிய வளாகம் குறுக்கே வந்தால் பாக்டீரியாவும் அங்கேயே நின்றுவிடும். நுழைய அனுமதி தராத ஒரு குடியிருப்பு பழைய கொசுவின் பதுங்கிடமாகிவிடும்.

இந்தியாவில் இது வந்துவிட்டதா?

கொசு இருக்கிறது, வெளியே விடவில்லை. புதுச்சேரியில் 1975 முதல் இயங்கும், ஐ.சி.எம்.ஆர் என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்திலிருந்து பாக்டீரியா உள்ள முட்டைகளை வரவழைத்து, புதுச்சேரிக் கொசுவோடு பல தலைமுறை கலப்பு செய்து இரண்டு கூட்டங்களை உருவாக்கியது. ஒன்று மெல் வகை, இன்னொன்று ஆல்ப்-பி வகை. 2022-ல் இதை அறிவித்தார்கள். இரண்டையும் வைத்திருப்பது புத்திசாலித்தனம். காரணம் மேலே சொன்ன வெயில் கணக்கு. திறந்தவெளியில் விட மத்திய அரசின் அனுமதி வேண்டும்.

அனுமதி விஷயத்தில் இந்தியா தயங்குவதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1970-களில் உலக சுகாதார நிறுவனமும் ஐ.சி.எம்.ஆரும் டெல்லியில் மரபியல் வழிக் கொசுக் கட்டுப்பாட்டுப் பிரிவு ஒன்றை நடத்தின. அமெரிக்கப் பணம், உயிரியல் போருக்கு ஒத்திகை என்று பத்திரிகைகளில் குற்றச்சாட்டு கிளம்பி நாடாளுமன்றம் வரை போனது. அரியானாவின் சோனிபட்டில் கொசுவை விடத் தயாராக இருந்த நேரத்தில், 1975-ல், மொத்தத் திட்டமும் மூடப்பட்டது. அறிவியல் தோற்று நின்றதல்ல அது. ஊர் மக்களிடம் முன்கூட்டிப் பேசாததற்குக் கொடுத்த விலை.

இந்தக் கொசு கடித்தால் பாக்டீரியா நமக்கு வருமா?

வராது. வோல்பாக்கியா பூச்சியின் உயிரணுவுக்கு வெளியே நெடுநேரம் வாழாது, மனித உடலில் பெருகாது. இயற்கையிலேயே இந்தப் பாக்டீரியா உள்ள கியூலெக்ஸ் கொசு தலைமுறை தலைமுறையாக நம்மைக் கடித்துக்கொண்டுதான் இருக்கிறது.

யானைக்கால் நோய்ப் புழுவுக்குள்ளும் வோல்பாக்கியா உண்டு. ஆனால் அது புழுவோடு ஒட்டியே வாழும் தனி வகை. அந்தப் பாக்டீரியாவை டாக்ஸிசைக்ளின் மருந்தால் கொன்றால் புழுவும் மலடாகிச் சாகிறது என்பது யானைக்கால் சிகிச்சையில் பயன்படும் கண்டுபிடிப்பு.

மரபணு மாற்றிய கொசுவா?

இல்லை. கொசுவின் மரபணுவில் யாரும் கை வைக்கவில்லை. ஃப்ளோரிடாவில் 2021-ல் ஆக்ஸிடெக் நிறுவனம் விட்ட கொசுதான் மரபணு மாற்றியது. அதில் பெண் புழுக்கள் வளராமல் சாகும்படி ஒரு மரபணு சேர்க்கப்பட்டிருந்தது.

என் வீட்டில் முட்டை வாளி வைக்கிறார்கள் என்றால் நான் என்ன செய்ய வேண்டும்?

யோக்யகர்த்தாவில் பயன்பட்டது ஒரு சிறிய பிளாஸ்டிக் வாளி. உள்ளே சுமார் ஒரு லிட்டர் தண்ணீர், நூறு நூற்றைம்பது முட்டை ஒட்டியிருக்கும் ஒரு பட்டை, புழுவுக்குத் தீனியாக மீன் தீவன வில்லை. மூடியைப் போட்டுவிட்டு, கொசு பறந்து வெளியேறப் பக்கவாட்டில் துளைகள். முட்டை பொரித்துப் புழுவாகி, கூட்டுப்புழுவாகி, ஒன்றிரண்டு வாரத்தில் கொசு வெளியே போகும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்து மாற்றுவார்கள். ஒரு பகுதிக்கு 9 முதல் 14 சுற்று ஆனது.

வாளி நிழலில் இருக்க வேண்டும். மேற்கு வெயில் படும் சுவரோரம் வைத்தால் தண்ணீர் கொதித்துப் புழு சாகும், சாகாவிட்டாலும் பாக்டீரியா போய்விடும். எறும்பு ஏறும் இடமும் ஆகாது. தண்ணீர் கலங்கி நாறினால் தீனி மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். நீங்களே மாற்ற வேண்டாம், பணியாளரிடம் சொல்லுங்கள். மாநகராட்சி ஊழியர் கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்து ஊற்ற வரும்போது இந்த வாளியைக் காட்டி, இதில் ஊற்ற வேண்டாம் என்று சொல்லுங்கள். இது சில்லறை விஷயம் போலத் தெரியும், ஆனால் ஒரு துறை விட்டதை இன்னொரு துறை கொல்வது எங்கும் நடக்கக்கூடியது.

விடும் மாதங்களில் கொசுக்கடி கூடத்தான் செய்யும். அதை மறைத்துப் பேசும் திட்டம் இரண்டாவது மாதமே மக்களின் நம்பிக்கையை இழக்கும்.

அப்படியானால் தண்ணீர்த் தொட்டியை மூடுவதெல்லாம் இனி வேண்டாமா?

வேண்டும். முட்டை வாளியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை கவிழ்த்துத் தேய்க்க வேண்டும். முட்டையிலிருந்து கொசு வர ஏழு முதல் பத்து நாள் ஆவதால்தான் வாரக் கணக்கு. வெறுமனே தண்ணீரைக் கொட்டினால் போதாது. முட்டை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் கறுப்புப் புள்ளிகளாக ஒட்டியிருக்கும், காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். நாரால் தேய்த்தால்தான் போகும். சிண்டெக்ஸ் தொட்டியின் மூடி, சம்ப், பிரிட்ஜுக்குப் பின்னால் உள்ள நீர்த்தட்டு, ஏசி தண்ணீர் விழும் வாளி, பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், கொட்டாங்கச்சி, பயன்படுத்தாத ஆட்டுக்கல்லின் குழி என்று பார்த்துக்கொண்டே போங்கள். ஏடிஸ் பகலில் கடிக்கும். பகலில் தூங்கும் குழந்தைக்குக் கொசுவலை கட்டுங்கள்.

சிக்குன்குனியா, ஜிகா, மலேரியா?

முதல் இரண்டும் அதே கொசுவால் வருபவை. அவற்றையும் தடுக்கிறது, டெங்கு அளவுக்கு இல்லை. நிதெராயில் சிக்குன்குனியா 56, ஜிகா 37 விழுக்காடு குறைந்தன. மலேரியாவைப் பரப்புவது அனாபிலிஸ்; இந்தத் திட்டத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

வைரஸ் நாளடைவில் இதற்குப் பழகிவிடாதா?

பழகலாம். வைரஸ் மாறலாம், பாக்டீரியா வீரியம் இழக்கலாம், கொசுவும் மாறலாம். கெய்ன்ஸில் பல ஆண்டுகள் கழித்துப் பிடித்த கொசுக்களிலும் பாக்டீரியா உயர்ந்த பங்கில் இருந்தது, வைரஸைத் தடுக்கும் தன்மையும் குன்றவில்லை. ஆனால் ஆஸ்திரேலியாவில் டெங்கு எப்போதாவது வந்துபோகும் விருந்தாளி. நான்கு வகை டெங்குவும் ஆண்டு முழுதும் சுற்றும் ஊரில் வைரஸுக்கு முயன்று பார்க்கும் வாய்ப்பு அதிகம். கண்காணிப்பை நிறுத்தக் கூடாது.

சூழலுக்குக் கெடுதி இல்லையா? கொசுவைத் தின்னும் பறவை, தவளை என்ன ஆகும்?

ஏடிஸ் எஜிப்தி ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலேறி வந்து மனிதன் வீட்டையே காடாக்கிக்கொண்ட கொசு. அதை மட்டும் நம்பி வாழும் பிராணி இங்கே எதுவும் இல்லை. புகை மருந்து தேனீ, தட்டான் என்று பாராமல் கொல்வதோடு ஒப்பிட்டால் இதன் சேதம் மிகக் குறைவு.

பறவையைக் காப்பாற்றவே இந்த உத்தியைப் பயன்படுத்தும் இடமும் உண்டு. ஹவாய்த் தீவுகளுக்குக் கொசு வந்தது 1826 வாக்கில், கப்பலில். அதோடு சேர்ந்து பரவிய பறவை மலேரியா, அங்கு மட்டுமே வாழும் தேன்குருவியினங்களை வரிசையாக அழித்தது. இஇவி என்ற சிவப்புக் குருவிக்குத் தொற்றினால் பத்தில் ஒன்பது சாகும். குளிரான மலை உச்சியில் கொசு இல்லாததால் மிச்சமிருந்தவை அங்கே ஒதுங்கின. பூமி சூடேறக் கொசுவும் மேலே ஏறுகிறது. 2023 இறுதியிலிருந்து மாவீ தீவின் காடுகளில், பொருந்தாத வகை வோல்பாக்கியா உள்ள ஆண் கியூலெக்ஸ் கொசுக்களை மட்கும் கூடுகளில் அடைத்து ஹெலிகாப்டரிலிருந்து போடுகிறார்கள். பின்னர் ட்ரோனும் சேர்ந்தது. கியூலெக்ஸிடம் ஏற்கெனவே தன் வகைப் பாக்டீரியா உண்டு. வேறு வகை உள்ள ஆண் சேர்ந்தால் அப்போதும் முட்டை பொரிக்காது. 1967-ல் ரங்கூன் அருகே ஓக்போ கிராமத்தில் ஹான்ஸ் லாவன் இதே தந்திரத்தால் கியூலெக்ஸை ஒழித்துக் காட்டியிருக்கிறார். அரை நூற்றாண்டுக்கு மேல் அலமாரியில் கிடந்த யோசனை.

தடுப்பூசி வந்துவிட்டால் இதெல்லாம் தேவைப்படுமா?

ஐ.சி.எம்.ஆரும் பனேசியா பயோடெக்கும் சேர்ந்து டெங்கிஆல் என்ற ஒற்றைத் தவணைத் தடுப்பூசியின் மூன்றாம் கட்டச் சோதனையை 2024 ஆகஸ்டில் தொடங்கின. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடக்கும் சோதனை. நல்ல தடுப்பூசி வந்தாலும் அது சிக்குன்குனியாவைத் தடுக்காது. இரண்டும் ஒன்றையொன்று தள்ளுபவை அல்ல.

இப்போது வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்திருக்கிறது. என்ன செய்வது?

முதல் ஐந்து நாட்களுக்குள், டெங்குவைக் கண்டறியும் என்எஸ்1 ரத்தப் பரிசோதனை. அதற்குப் பிறகென்றால் ஐஜிஎம் என்ற ரத்தப் பரிசோதனை. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், மருத்துவர் சொன்ன அளவில். ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் கூடாது, ரத்தக்கசிவைக் கூட்டும். கஞ்சி, இளநீர், உப்புச்சர்க்கரைக் கரைசல் என்று நீராகாரம் தொடர்ந்து போகட்டும். காய்ச்சல் விட்டதும் தேறிவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். ஆபத்துக் காலம் காய்ச்சல் இறங்கும் அந்த இரண்டு நாள்தான். கடுமையான வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுப்பு மலம், சிறுநீர் குறைதல், சோர்ந்து துவளுதல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ராத்திரி என்று பாராமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.